உதட்டுக் கொப்புளம்: மாத்திரையை எப்போது, எப்படி எடுப்பது?

முகம் கழுவித் துண்டால் துடைக்கும்போது கீழுதட்டின் ஓரத்தில் கடுகளவு இடம் மட்டும் வேறு மாதிரி இருக்கும். வலி என்று சொல்ல முடியாது. எறும்பு ஊர்ந்து போனது போல ஒரு குறுகுறுப்பு, லேசான சூடு, அவ்வளவுதான். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் பத்து ஆண்டுகள் அந்தக் குறுகுறுப்பை நான் பொருட்படுத்தியதே இல்லை. உதடு காய்ந்திருக்கிறது என்று வாசலினைத் தடவிவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் எழுந்தால் அதே இடத்தில் கொத்தாக ஐந்தாறு கொப்புளங்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவரைத் தேடி ஓட்டம், மருந்துக் கடைக்கு ஓட்டம். வாங்கிப் போட்ட மாத்திரை வேலையே செய்யவில்லை என்ற புலம்பல் வேறு. மாத்திரை மேல் குற்றம் இல்லை. ரயில் போன பிறகு டிக்கெட் வாங்கியவன் நான்தான்.

உதட்டுக் கொப்புளத்துக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல்முறையாக எழுதி வாங்கியவர்களுக்கும், மருத்துவரிடம் கேட்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இந்தக் கொப்புளத்தோடு நெடுநாள் குடித்தனம் நடத்துபவன். கீழே வரும் அளவுகளைப் பார்த்து நீங்களே மாத்திரை வாங்கிவிடக் கூடாது. உங்கள் சீட்டில் எழுதியிருப்பது புரியவும், கேட்க வேண்டியதைக் கேட்கவும்தான் அவற்றைச் சொல்கிறேன்.

முதலில், இது அதுதானா?

வாயைச் சுற்றி வரும் எல்லாப் புண்ணுக்கும் இந்த மாத்திரை பொருந்தாது. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ வெள்ளையாகக் குழிந்து எரிகிற வாய்ப்புண் வேறு. அதற்கும் இந்த வைரஸுக்கும் தொடர்பு இல்லை. உதடுகள் சேரும் இரு மூலைகளிலும் வெடித்துச் சிவந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சையின் அல்லது பாக்டீரியாவின் வேலை. குழந்தையின் வாயருகே தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்கு படர்ந்தால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். புது உதட்டுச்சாயம் பூசிய மறுநாள் உதடு முழுக்கத் தடித்து அரித்தால் ஒவ்வாமை என்று சந்தேகப்பட வேண்டும்.

நாம் பேசுவது வேறு ஆள். உதட்டின் சிவப்பும் தோலும் சேரும் கோட்டில் முதலில் குறுகுறுக்கும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் சிவந்து தடிக்கும். பிறகு நீர் கோத்த சிறு கொப்புளங்கள் நெருக்கமாக எழும்பும், உடையும், கசியும், பொருக்குத் தட்டும். ஏழு முதல் பத்து நாட்களில் தழும்பில்லாமல் ஆறும். கொஞ்ச நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி வரும். 'அதே இடத்தில் மறுபடி' என்பது முக்கியமான அடையாளம். அப்படி வந்து பழகியவர்கள் மருத்துவர் சொல்வதற்கு முன்பே தாங்களே கண்டுகொள்வார்கள். முதல் தடவை வருபவர்கள் ஊகிக்க வேண்டாம். கொப்புளம் புதிதாக இருக்கும்போதே நேரில் காட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கொப்புள நீரைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்துச் சோதிப்பார்கள்.

இங்கே நம் மொழியே ஒரு குழப்பத்தை வைத்திருக்கிறது. உதட்டில் வருவதையும் அக்கி என்கிறோம், விலாவில் பட்டையாகப் படரும் கொப்புளங்களையும் அக்கி என்கிறோம். இரண்டாவது, சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவது. இரண்டுக்கும் ஒரே மாத்திரைதான், ஆனால் அளவும் நாட்களும் முற்றிலும் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் 'எனக்கும் அக்கிதான், ஏழு நாள் சாப்பிட்டேன்' என்று சொன்னால் அதைக் கேட்டு நீங்கள் ஏழு நாள் சாப்பிடக் கூடாது.

உதட்டுக்கு வரும் வைரஸின் பெயர் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ், பெரும்பாலும் அதன் முதல் வகை. பெயரைக் கேட்டதும் பலர் முகம் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உடலில் இந்த முதல் வகை வைரஸ் இருக்கிறது. பெரும்பாலானோர் சிறு வயதிலேயே, வீட்டிலிருப்பவர்களின் எச்சில் வழியாக இதை வாங்கிக்கொள்கிறார்கள். பலருக்குக் கொப்புளம் வருவதே இல்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை; மருத்துவரிடம் பெயரை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள்.

மாத்திரையால் முடிவதும் முடியாததும்

முதல் தொற்று ஆறிய பிறகு வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சு ஒன்று மண்டையோட்டின் அடியில் இருக்கிறது. அங்கே போய்ச் சுருண்டு படுத்துக்கொள்கிறது. கடும் வெயில், காய்ச்சல், தூக்கமின்மை, மன உளைச்சல், மாதவிடாய், பல் சிகிச்சை, உதட்டில் காயம் என்று ஏதாவது ஒன்று எழுப்பிவிட்டால் நரம்பு வழியே இறங்கி உதட்டுக்கு வருகிறது. உறங்கும் வைரஸை எந்த மாத்திரையும் தொடாது. விழித்து எழுந்து பெருகும் வைரஸைத்தான் தடுக்கும். ஆகவே 'ஒரு கோர்ஸ் முடித்தால் இனி வராதா' என்ற கேள்விக்குப் பதில், வரும் என்பதுதான்.

தடுக்கும் விதம் ரசிக்கத்தக்கது. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்க மரபணுச் சங்கிலியைக் கோக்க வேண்டும். இந்த மாத்திரைகளில் ஒன்றான அசைக்ளோவிர் என்பது அந்தச் சங்கிலியின் கண்ணியைப் போலவே தோற்றமளிக்கும் போலிக் கண்ணி. அது சேர்ந்த இடத்தோடு சங்கிலி நின்றுவிடும். போலிக் கண்ணியை வேலைக்குத் தயார்ப்படுத்தும் முதல் கட்டத்தைச் செய்வது வைரஸின் சொந்த நொதி. அதனால் வைரஸ் புகுந்த செல்லில் மருந்து விழித்துக்கொள்கிறது. நல்ல செல்லில் ஏறக்குறைய சும்மா கிடக்கிறது. இந்த மருந்து பிறந்த ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய ஜெர்ட்ரூட் எலியன், மருந்தாக்கத்தில் செய்த பணிகளுக்காக 1988ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதிலிருந்தே நேரக் கணக்கு புரிந்துவிடும். மருந்தின் வேலை பிரதி எடுப்பதைத் தடுப்பது. வைரஸ் மும்முரமாகப் பிரதி எடுப்பதோ முதல் ஒரு நாளில். கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டும்போது நீங்கள் கண்ணாடியில் பார்ப்பது பெரும்பாலும் போர் முடிந்த களம். அங்கே மாத்திரையை அனுப்பிப் பயன் இல்லை.

சரியான நேரத்தில் எடுத்தாலும் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? இதே குடும்பத்து ஃபாம்சைக்ளோவிரின் ஒற்றை வேளை அளவைச் சோதித்த ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குப் புண் ஆற 6.2 நாட்கள், மருந்து எடுத்தவர்களுக்கு 4.4 நாட்கள். இன்னொரு மருந்தான வாலசைக்ளோவிரில் சுமார் ஒரு நாள் குறைந்தது. இவ்வளவுதானா என்று தோன்றலாம். திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு வைத்திருப்பவருக்கு அந்த ஒன்றரை நாள் பெரிது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஒருவேளை தேவையே இல்லை. குறுகுறுப்போடு நின்று கொப்புளமே எழாமல் போவதும் உண்டு. ஆனால் மாத்திரை எடுக்காதபோதும் சில தடவை அப்படி நின்றுவிடும். முழுப் புகழையும் மாத்திரைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

கொப்புளம் இல்லாத நாளில் மருத்துவரைப் பாருங்கள்

புதியவர்கள் தவறவிடும் கட்டம் இதுதான். குறுகுறுப்பு இரவு பதினொரு மணிக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை வரும், பயணத்தில் வரும். அப்போது சந்திப்பு நேரம் வாங்கி, காத்திருந்து, சீட்டு வாங்கி, கடைக்குப் போவதற்குள் மருந்துக்கான நேரம் கடந்துவிடும். உதடு நன்றாக இருக்கும் ஒரு நாளில் போய், 'எனக்கு இது அடிக்கடி வருகிறது. தொடங்கியதும் எடுத்துக்கொள்ள மாத்திரையை முன்கூட்டியே எழுதித் தர முடியுமா?' என்று கேளுங்கள். கொப்புளம் வந்த நாளில் எடுத்த படம் கைப்பேசியில் இருந்தால் காட்டுங்கள். இந்தக் கோரிக்கை மருத்துவர்களுக்குப் புதிதல்ல. சில நாடுகளில் மருந்தாளுநரே விசாரித்துவிட்டுத் தருவார். பல இடங்களில் மருத்துவர் சீட்டு கட்டாயம்.

அங்கே நீங்களாகவே சொல்ல வேண்டியவற்றில் தலையாயது சிறுநீரகம். இந்த மருந்துகள் எல்லாமே முக்கியமாகச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகின்றன. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கும். தேங்கினால் இரண்டு ஆபத்துகள். ஒன்று, மருந்து படிகமாகி ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுப்பது. மற்றது, மூளையில் குழப்பம். என் பெரியப்பாவுக்கு விலாவில் அக்கி வந்தபோது இதை நேரில் பார்த்தேன். நீண்ட காலச் சர்க்கரை நோயாளி. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருந்ததை மருத்துவரிடம் அவரும் சொல்லவில்லை, கூடப் போன நாங்களும் சொல்லவில்லை. வாலசைக்ளோவிர் முழு அளவில் தொடங்கிய இரண்டாம் நாள் இரவு, ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, 'அவரை உள்ளே வந்து உட்காரச் சொல்' என்றார். ஜன்னலில் யாரும் இல்லை. பக்கவாதமோ என்று பதறி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மாத்திரை அட்டையைப் பார்த்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது சிறுநீரகத்தைப் பற்றித்தான். மருந்தை நிறுத்திச் சிகிச்சை கொடுத்ததும் சில நாட்களில் தெளிந்துவிட்டார். ஜன்னலோரம் நின்றவரைப் பற்றி அவருக்கு ஒன்றுமே நினைவில்லை.

உதட்டுக்கு எடுக்கும் ஒரு நாள் அளவு அக்கிக்கு எடுப்பதைவிட மொத்தத்தில் மிகக் குறைவுதான். ஆனாலும் விதி அதேதான். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் வாலசைக்ளோவிரின் அளவைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைப்பார்கள். ஒல்லியான முதியவர்களுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் சாதாரணமாகத் தெரிந்தாலும் உண்மையான திறன் குறைந்திருக்கக்கூடும். அறுபதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், 'என் வயதுக்கும் எடைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்' என்று கேட்பது நல்லது.

அடுத்து, தினமும் எடுக்கும் மருந்துகள். உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், கவுட் நோய்க்கான புரோபெனெசிட், வயிற்று அமிலத்துக்கான சிமெடிடின் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ஐபுபுரோஃபன் போன்ற வலி நிவாரணிகளும் சிறுநீரகத்துக்குச் சுமைதான். அசைக்ளோவிர் குடும்பத்து மருந்து எதற்காவது முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சின்னம்மைக்கோ அக்கிக்கோ உயிருள்ள வைரஸ் அடங்கிய தடுப்பூசி போடப் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். மாத்திரை அதன் வேலையைக் கெடுத்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கு அசைக்ளோவிர் தந்து பல ஆண்டுகள் கண்காணித்த பதிவேட்டில் பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை. தேவைப்பட்டால் மருத்துவர்கள் தருவதும் உண்டு. ஆனால் பழைய அட்டையிலிருந்து நீங்களாக எடுத்துப் போடும் காலம் அது அல்ல. பாலூட்டுபவர்களுக்குப் பாலில் சேரும் மருந்து மிகக் குறைவு. அங்கே பெரிய கவலை மருந்து அல்ல, கொப்புளம் குழந்தையின் மீது படுவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சீட்டில் என்ன எழுதியிருக்கும்?

மூன்று பெயர்களில் ஒன்று இருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ள பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதப்படும் அளவுகள் இவை.

வாலசைக்ளோவிர்: 2 கிராம் ஒரு வேளை, 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம். அதோடு முடிந்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் இதே அளவு தரப்படுகிறது.

ஃபாம்சைக்ளோவிர்: 1,500 மில்லிகிராம், ஒரே ஒரு வேளை. பெரியவர்களுக்கு மட்டும்.

அசைக்ளோவிர்: 200 அல்லது 400 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஐந்து நாட்கள்.

முதல் இரண்டும் ஏன் ஒரு நாளில் முடிகின்றன என்று கேட்கலாம். அசைக்ளோவிரை விழுங்கினால் குடல் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உறிஞ்சுகிறது. வாலசைக்ளோவிர் என்பது அதே அசைக்ளோவிருக்கு ஒரு அமினோ அமில வால் ஒட்டியது. குடல் அதைப் பாதிக்கும் மேல் உறிஞ்சிக்கொள்ள, உடலுக்குள் வால் கழன்று அசைக்ளோவிர் ஆகிவிடுகிறது. ஐந்து வேளை நேரம் பார்த்து எழுந்து மாத்திரை போடுவதை மூன்றாம் நாளே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்; நானும் அதில் ஒருவன். ஒரு நாள் மருந்து கிடைக்கும் இடத்தில் அதையே கேட்டுப் பார்க்கலாம். செலவு தடையாக இருந்தால் அசைக்ளோவிரும் நல்ல மருந்துதான், வேளை தவறாமல் எடுத்தால்.

இனி உள்ளங்கைக் கணக்கு. சீட்டில் 2 கிராம் என்று இருக்கும், அட்டையில் 500 மில்லிகிராம் என்று இருக்கும். ஒரு வேளைக்கு நான்கு மாத்திரைகள். ஒவ்வொன்றும் நீளமாக, பெரிதாக இருக்கும். நான்கையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த முதல் நாள், இவ்வளவா இருக்கும் என்று பயந்து ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு மற்ற மூன்றையும் அட்டைக்குள்ளேயே திணித்து வைத்தேன். அன்று எடுத்தது கால் பங்கு மருந்து, பலனும் தெரியவில்லை. ஒரு கிராம் மாத்திரையாக இருந்தால் இரண்டு போதும். ஃபாம்சைக்ளோவிர் 500 என்றால் மூன்று, 250 என்றால் ஆறு. வாங்கும்போதே மருந்தாளுநரிடம், 'ஒரு வேளைக்கு எத்தனை எண்ணிக்கை?' என்று கேட்டு அட்டையின் பின்னால் பேனாவால் எழுதிவைத்துவிடுங்கள். பதற்றமான இரவில் கிராமை மில்லிகிராமாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். உங்களுக்கு அளவைக் குறைத்து எழுதியிருந்தால் குறைத்த எண்ணிக்கையை எழுதுங்கள்.

குறுகுறுப்பு வந்த அன்று

மணியைப் பாருங்கள். முதல் குறுகுறுப்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தால் மிக நல்லது. கொப்புளம் எழும்புவதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்பது குறி. தூங்கி எழும்போதே கொப்புளம் வந்திருந்தால்? மருத்துவரோ மருந்தாளுநரோ வேறு சொல்லாதவரை, அப்போதுதான் எழும்பிய கொப்புளத்துக்குச் சற்றுப் பயன் இருக்கலாம். உடைந்து பொருக்குத் தட்டியதற்கு மாத்திரையை வீணாக்க வேண்டாம், அடுத்த தடவைக்கு வையுங்கள்.

ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். வெறும் வயிற்றிலும் எடுக்கலாம், சாப்பிட்ட பிறகும் எடுக்கலாம். குமட்டும் வயிறாக இருந்தால் சாப்பிட்ட பிறகு எடுங்கள். அன்று முழுக்கத் தண்ணீர் நிறையக் குடியுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்து உடல் நீர் வற்றியிருந்தால் இது இன்னும் முக்கியம். அந்த நிலையில் மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாலசைக்ளோவிர் என்றால் இரண்டாவது வேளைக்கு உடனே அலாரம் வையுங்கள். காலை ஆறுக்கு எடுத்தால் மாலை ஆறு. இரவு பதினொன்றுக்கு எடுத்தால் காலை பதினொன்று. இதுதான் வேலை நாளில் மறந்துபோகும். மறந்தால் நினைவு வந்தவுடன் எடுங்கள். 'முதல் வேளை நன்றாகக் கேட்டது' என்று ஆறு மணி நேரத்திலேயே இரண்டாவதைப் போடுவதும், மூன்றாவது வேளை ஒன்றைச் சேர்ப்பதும் கூடாது. ஆய்வில் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் கிடைக்கவில்லை. மறுநாள் கொப்புளம் எழுந்து நின்றாலும் மாத்திரை தோற்றுவிட்டது என்று மறுபடி போட வேண்டாம்.

மற்றபடி உதட்டைச் சும்மா விடுங்கள். எரிச்சலுக்கு ஈரத் துணியில் குளிர் ஒத்தடம், வலிக்குப் பாரசிட்டமால், பொருக்கு வெடிக்காமலிருக்க மெல்லிய வாசலின் போதும். பற்பசை, ஸ்பிரிட் எல்லாம் தோலைப் புண்ணாக்கும். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். ஸ்டீராய்டு களிம்பைத் தனியாகத் தடவுவது வைரஸுக்கு வாசலைத் திறந்துவிடுவது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. அசைக்ளோவிர் களிம்பு கொஞ்சம் உதவும். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை பூச வேண்டும். மாத்திரை எடுப்பவர் அதோடு களிம்பையும் தேடி அலைய வேண்டியதில்லை.

மாத்திரை போட்ட பிறகு

தலைவலி, குமட்டல், வயிற்று வலி, லேசான தலைசுற்றல் ஆகியவை பலரும் சொல்லும் பக்கவிளைவுகள். ஒரு நாளில் போய்விடும். முதல் தடவை எடுக்கும் அன்று உங்கள் உடல் எப்படி எதிர்கொள்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது.

உடம்பெல்லாம் தடிப்பு, முகமோ நாக்கோ வீங்குதல், மூச்சுத் திணறல் வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு. பேச்சு குழறுதல், குழப்பம், இல்லாததைக் காணுதல், அளவுக்கு மீறிய தூக்கம், சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவற்றுக்கும் அதே வழிதான். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். பெரியப்பாவைக் காப்பாற்றியது அதுதான்.

மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாத கொப்புளங்களும் உண்டு. கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பட்டுக் கூசினால், இமையருகே கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த வைரஸ் கருவிழியில் தழும்பு விட்டுப் பார்வையைக் கெடுக்கக்கூடியது. வீட்டில் கிடக்கும் கண் சொட்டு மருந்தை, முக்கியமாக ஸ்டீராய்டு கலந்ததை, ஊற்றாதீர்கள். கரப்பான் நோய் உள்ள தோலில் கொப்புளங்கள் வேகமாகப் பரவிக் காய்ச்சலும் சேர்ந்தால் அதுவும் அவசரம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஒரு நாள் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அளவும் நாட்களும் வேறு. யாராக இருந்தாலும் இரண்டு வாரம் ஆகியும் புண் ஆறவில்லை என்றால் அது வேறு ஏதாவதாக இருக்கலாம், காட்டுங்கள்.

சிறு குழந்தைக்கு முதல் தொற்று பல நேரம் உதட்டோடு நிற்காது. ஈறெல்லாம் வீங்கி, வாய் முழுக்கப் புண்ணாகி, காய்ச்சலோடு தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கும். உங்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்; எடைக்கேற்பத் திரவ மருந்து தருவது குழந்தை மருத்துவரின் வேலை.

மற்றவருக்கு ஒட்டாமல்

மாத்திரை எடுத்துவிட்டோம், இனி ஒட்டாது என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குறுகுறுப்பிலிருந்து பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் வரும்வரை ஒட்டும். கொப்புளமே இல்லாத நாட்களிலும் எச்சிலில் வைரஸ் சில நேரம் கசிவது உண்டு. ஆனால் கொப்புள நாட்களில்தான் ஆபத்து மிக அதிகம். அந்த நாட்களில் முத்தம் வேண்டாம். தம்ளர், ஸ்பூன், துண்டு, உதட்டுப் பூச்சு, சவரக் கத்தி ஆகியவற்றைப் பகிர வேண்டாம். வாய்வழிப் பாலுறவும் வேண்டாம். இதே வைரஸ் பிறப்புறுப்பிலும் தொற்றும். உதட்டைத் தொட்ட கையோடு கான்டாக்ட் லென்ஸ் மாட்டுவது கண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சமம். விரலில் சிறு வெட்டு இருந்தால் அங்கேயும் கொப்புளம் வரலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அவ்வளவுதான். வீட்டையே கிருமிநாசினியால் துடைக்கத் தேவையில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் முகத்தாட்சண்யம் பார்க்காதீர்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைக் கொப்புளத்தோடு யாரும் முத்தமிடக் கூடாது. தாத்தாவாக இருந்தாலும் சரி, அத்தையாக இருந்தாலும் சரி. பச்சிளம் குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் இந்த வைரஸ் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. தாய்க்கே கொப்புளம் இருந்தால் முகக்கவசம் அணிந்து, கை கழுவி, தாராளமாகப் பால் கொடுக்கலாம், மார்பில் புண் இல்லாதவரை.

அடிக்கடி வந்தால்

ஆண்டுக்கு ஆறு தடவைக்கு மேல் வருகிறது, அல்லது வந்தால் முகமே வீங்குகிறது என்றால், வந்த பிறகு எடுப்பதை விட்டுவிட்டுத் தினமும் குறைந்த அளவில் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, அல்லது வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒரு வேளை என்று மாதக்கணக்கில் தருவார்கள். ஆறு மாதம் அல்லது ஓராண்டு கழித்து நிறுத்திப் பார்ப்பார்கள். நல்ல எதிர்ப்பு சக்தி உள்ளவர்களிடம் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாவது அரிது. வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டிய பயணமோ, பெரிய பல் சிகிச்சையோ, முகத்தில் லேசர் சிகிச்சையோ வரப்போகிறது என்றால் சில நாட்களுக்கு மட்டும் முன்காப்பாக எடுக்கலாமா என்றும் கேட்கலாம். வெயில்தான் உங்களைக் கிளப்பிவிடுகிறது என்றால், வெயில் காப்பு எண் 30க்கு மேல் உள்ள உதட்டுப் பூச்சைத் தடவிப் பாருங்கள். எனக்குப் பாதித் தொல்லை அதிலேயே குறைந்தது. லைசின் மாத்திரைகளைப் பலர் பரிந்துரைப்பார்கள். சான்று பலவீனம்; நான் காசு கொடுத்து வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

எது கிளப்பிவிடுகிறது என்று தெரிய ஒரு சிறு குறிப்பு போதும். குறுகுறுப்பு வந்த தேதி, மணி, முந்தின இரண்டு நாட்களில் என்ன நடந்தது, மாத்திரை எடுத்த மணி, பொருக்கு உதிர்ந்த நாள். நான்கைந்து தடவை எழுதினாலே மருத்துவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். என் குறிப்பில் தூக்கம் கெட்ட இரவுகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. நான் பல ஆண்டுகளாக உதட்டைக் காய வைக்கிறது என்று மின்விசிறியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொப்புளம் ஆறியதும் அட்டையை எடுத்துப் பாருங்கள். அடுத்த தடவைக்கு முழு அளவு மீதி இருக்கிறதா, காலாவதித் தேதி எது? குளியலறை அலமாரியின் ஈரத்தில் வைக்காதீர்கள், வண்டியின் பெட்டியில் வெயிலில் விடாதீர்கள். என்னுடையது எப்போதும் அலுவலகப் பையின் உள்ஜிப்பில் இருக்கிறது. அட்டையின் பின்னால் பேனாவால் எழுதியிருப்பது: '4, பிறகு 12 மணி நேரம் கழித்து 4.'